ஆறு புள்ளி எட்டு மீட்டர்

சோபாவில் நான் உட்காரும் இடத்தில்
என் காதுக்குப் பதிலாக
ஒரு மைக்கை உட்கார வைக்கச் சொல்கிறது பெட்டி.
தலையணை மேல் தலையணை,
அதன் மேல் ரவை டப்பா,
அதன் மேல் மைக்.
இப்போது அது என் உயரம்.

பெட்டி பதினொரு கிலோ.
மற்றதெல்லாம் கப்பலில் வர
இதை மட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பறந்தேன்.
சாங்கியில் ஓர் அதிகாரி திறக்கச் சொன்னார்.
தமயந்தியின் பருத்திப் புடவை சுற்றிய ஆம்ப்ளிஃபயரைப்
பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல்
பார்த்துவிட்டு மூடினார்.

உருண்டை முள் இங்கே சதுரத் துளைக்குள் போகாது.
மேல் துளையில் பேனாவைக் குத்திக்கொண்டு
செருகிவிடலாம் என்றார்கள் அலுவலகத்தில்.
ஆஸ்பத்திரியில் தீக்காயம் பார்ப்பவளைக் கட்டிக்கொண்டவன்
அதையெல்லாம் செய்ய முடியாது.
இரண்டு வெள்ளி ஐம்பது காசுக்கு ஓர் அடாப்டர்.
ஐந்து வாங்கினேன்.

சுவரில் ஆணி கூடாது:
வீட்டுக்காரர் குவெக் ஒப்பந்தத்தில் இருமுறை எழுதியிருக்கிறார்.
அதனால் பின் ஸ்பீக்கர்களில் ஒன்று
துணி காயப்போடும் ஸ்டாண்டில் தொங்குகிறது.
இன்னொன்று பாம் ஷெல்டரின் இரும்புக் கதவை ஒட்டி
அரிசி மூட்டைமேல்.
வயரைத் தரையோடு ஒட்ட நீல டேப்தான் கிடைத்தது.
கூடத்தின் குறுக்கே
தாண்டித் தாண்டிப் போகிறோம்.

‘அமைதியாக இருக்கவும்’ என்கிறது திரை.

செங்காங்கில், பன்னிரண்டாம் மாடியில்,
சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு.
ஏர்கானை அணைத்தேன், ஃபேனை அணைத்தேன்,
ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன்.
எல்.ஆர்.டி. வளைவில் ஒரு கீச்.
கீழே காராங்கூனிக்காரரின் ஹாரன்.
ஒரு குயில், விடிந்ததிலிருந்து நிறுத்தவில்லை.
உள்ளே இரவுப்பணி முடித்த தமயந்தி.
கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.
அவள் குறட்டையும் கணக்கில் சேருமோ என்னவோ.

பிறகு சோதனைச் சத்தம்.
இடது. நடு. வலது. பின்.
யாரோ சீட்டியடித்தபடி
அறையைச் சுற்றி வருகிறார்கள்.
கடைசியாக சப்வூஃபர்,
காதில் அல்ல, அடிவயிற்றில்.

முடிவு வந்தது.
இடது இரண்டு புள்ளி ஒன்று. வலது இரண்டு புள்ளி மூன்று.
எல்லாம் சரி.
சப்வூஃபர்: ஆறு புள்ளி எட்டு மீட்டர்.

கூடமே நாலு மீட்டர்தான்.
டேப்பை எடுத்து அளந்தேன்: ஒன்றரை.
மறுபடி ஓட்டினேன்.
ஆறு புள்ளி எட்டு.

நெய்வேலியில் இளம்பரிதியைக் கூப்பிட்டேன்.
“அது அப்படித்தான்டா.
உள்ள இருந்து சத்தம் கிளம்பவே நேரமாகும்.
லேட்டா வர்றத தூரம்னு நெனச்சுக்கும்.
கைய வெக்காத, விட்டுடு.”

விட்டுவிட்டேன்.
ஆனால் காலையில் நான் அனுப்பும் கேள்விக்குத்
தமயந்தியின் ‘ம்’
இரவு பதினொன்றுக்கு வார்டிலிருந்து வருகிறது.
அவளை எத்தனை மீட்டரில் வைக்கும்
இந்தப் பெட்டி?

வாசல் மணி.
பக்கத்து வீட்டு ரொஸ்னா, கையில் ஈரக் கரண்டியோடு.
கோபம் இல்லை.
“என் அலமாரியில் கோப்பைகள் எல்லாம்
பேசிக்கொள்கின்றனவே, உங்கள் வேலையா?” என்றாள்.
சுவருக்கு அந்தப் பக்கம், அவள் சமையலறை.
மனசுக்குள் அளந்துபார்த்தேன்.
ஏறக்குறைய சரி.

மன்னிப்புக் கேட்டு சப்வூஃபரை அணைத்துவிட்டுத் திரும்பினால்
கலைந்த தலையோடு தமயந்தி.
“ரவைய இங்கயா வெச்சிருக்க?
நேத்து பூரா தேடினேன்.”
மைக்கைத் தூக்கி என்னிடம் தந்தாள்.
டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
அளந்துவைத்த அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.
“சரி, போடு. ஆறரைக்குக் கிளம்பணும்.”

படம் ஆரம்பித்தது.
முதல் காட்சியில் மழை,
அவள் தலையைச் சுற்றி ஐந்து பக்கமும்.
“ஏய்,” என்று திரும்பி மேலே பார்த்தாள்.

சோபாவின் ஓரத்தில்
எனக்கு வலது ஸ்பீக்கர் மட்டும் கேட்கிறது.