கேர்டல்

பஹாவ் டவுன், சங்கிலிமுத்து டெக்ஸ்டைல்ஸ்.
புதிதாய் இறங்கிய பெட்டியின் விலாவில் அச்சு:
கேர்டல், எல் சைஸ், தோல் நிறம்.
யாருடைய தோல் என்று போடவில்லை.

இந்தச் சொல்லை எனக்கு முன்பே தெரியும்.
தோட்ட ஆபிசில் டைப் அடித்த வருஷம்
கிராணி ஞானமுத்து நீட்டிய தாளில் இருந்தது:
பதினெட்டாம் நிரை,
நானூற்றுப் பன்னிரண்டு மரம், கேர்டல்.
பட்டையை வளையமாய் உரித்து
மருந்து தடவிவிட்டால்
பால்மரம் நின்றபடியே சாகும்.
செம்பனைக்கு இடம் வேண்டுமே.

கல்லாவில் ஆளில்லாத மத்தியானம்
போனில் தேடிப் பார்த்தேன்.
இடுப்பைச் சுற்றுவது. இறுக்குவது. வளைப்பது.
வேர் பழையது,
அதே வேரில் கிளைத்தவை
வேலியிட்ட முற்றம், பிறகு
தோட்டம்.

தோட்டம்!
சிரித்துவிட்டேன், தனியாக.

எங்கள் பக்கம்
மேகலை, ஒட்டியாணம், கச்சை, அரைஞாண்.
ஒன்றுக்கும் மரம் கொல்லத் தெரியாது.

நாற்பத்து நாலு நாள் பந்தாங் முடிந்து
புவான் ரொஹானி வந்தார்,
தோளில் குழந்தை, நெற்றியில் வேர்வை.
"பெங்குங்தானே இது, கொக்கி வைத்த பெங்குங்!"
திரைக்குப் பின்னால் நானே மாட்டிவிட்டேன்.
மூன்றாம் கொக்கியில் கை நின்றது.
மூச்சு விட முடிகிறதா?
முடிகிறது என்றார். இரண்டுக்கு இறக்கினேன்.

நாற்பத்தொன்பது ரிங்கிட்.
பில்லில் பெயர் எழுதும் கட்டம் சின்னது.
துணி, ஒன்று
என்று எழுதினேன்.