நட்சத்திரக் குறி

மல்லாவிப் பால் சங்கத்துக்கு ஒரு பக்கம் செய்கிறேன்.
காலையில் எத்தனை லீட்டர், கொழுப்பு எவ்வளவு,
காசு எப்போது வங்கிக்கு வரும்.
இவ்வளவுதான். போனில் திறக்க வேண்டும்.

கிளிநொச்சியில், ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில்
என் திரையின் ஓரத்தில் ஒரு பொய்ப் போன் இருக்கிறது.
அகலம் முந்நூற்று அறுபது பிக்சல்.
இழுத்தால் பெருக்கும், சுழற்றினால் படுத்துக்கொள்ளும்.
'மெதுவான இணைப்பு' என்று ஒரு தெரிவும் உண்டு.
அதை அழுத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்தால்
வன்னியைப் பரிசோதித்தாயிற்று.

பொய்ப் போனுக்கு வெயில் இல்லை.
அதன் கண்ணாடி வெடித்ததில்லை.
சாணம் பட்ட கை அதைத் தொட்டதில்லை.
வெளிர்சாம்பலில் எழுத்து வைத்தேன்.
வடிவாய் இருந்தது. தர்சிகனும் வடிவென்றான்.

செவ்வாய் விடிய பஸ் எடுத்து
மாங்குளத்தில் மாறி ஏறிப் போனேன்.
பால் எடுக்கும் இடத்தில் ஏழு மணிக்கே
தகரத்தில் வெயில் ஏறிவிட்டது.
என் சாம்பலை ஒருவரும் வாசிக்கவில்லை.
போனை வயிற்றோடு அணைத்து, கையால் நிழல் செய்து,
கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அருமைலிங்கத்தாருக்கு வலது கைப் பெருவிரல் இல்லை.
நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை.
சுட்டுவிரல் மொளியால்
கதவைத் தட்டுவதுபோல் இரண்டு தரம் தட்டினார்.
'சேமி'யைத் தட்ட 'நீக்கு' திறந்தது.
பன்னிரண்டு லீட்டர் போயிற்று.
"பரவாயில்லைப் பிள்ளை,
ஊத்தின பால் பரலுக்குள்ளதானே கிடக்கு."
கொப்பியில் எழுதினேன்:
இரண்டு பொத்தானுக்கும் நடுவே ஒரு வரம்பு வேண்டும்,
ஆள் நடக்கிற அளவுக்கு.

யோகமலர் கடைசி ஆள்.
இரண்டு மாடு, ஒன்று வற்றுக்கறவை.
பதிவுப் பக்கத்தை ஒவ்வோர் எழுத்தாய்த் தேடி நிரப்பினார்.
'ழ' எங்கே என்று கேட்டார், காட்டினேன்.
பிறகு நின்றுவிட்டார்.

     கணவர் *
     ○ இருக்கிறார்
     ○ இறந்துவிட்டார்

பழைய கடதாசிப் படிவத்தில் இருந்த கேள்வி.
பார்க்காமல் எடுத்து ஒட்டியவள் நான்.
நட்சத்திரத்துக்குச் சிவப்புக் கொடுத்தவளும் நான்.

விரல் மேல் வட்டத்துக்கு நேரே நின்றது.
கீழே இறங்கவில்லை, தொடவும் இல்லை.
திரை மங்கியது. தட்டி எழுப்பினார்.
மறுபடி மங்கியது.
இரண்டையும் விட்டுவிட்டு 'அடுத்து' அழுத்தினார்.

பக்கம் ஒரு தரம் குலுங்கியது.
அந்தக் குலுக்கலுக்கு நான் இரண்டு நாள் செலவழித்தேன்,
முந்நூறு மில்லிசெக்கன், அளவான அதிர்வு.
'தயவுசெய்து ஒன்றைத் தெரிவுசெய்க.'

"பதினைஞ்சு வருசமா எல்லாரும் இதைத்தான் கேக்கினம்."
கோபமில்லை. போனை என்னிடம் நீட்டினார்.
"நீர் மாட்டைப் பற்றிக் கேளுமன்."

திரும்பும் பஸ்ஸில் மூன்றாவது வட்டம் ஒன்று யோசித்தேன்.
தெரியாது. சொல்ல விருப்பமில்லை. தேடுகிறார்.
எழுதி எழுதி வெட்டினேன்.
முறிகண்டியில் பஸ் நிற்க, கச்சான் சுருளோடு
ஒரு பெடியன் ஏறி இறங்கினான்.
எந்தச் சொல்லும் அந்த வட்டத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

"இந்தப் பதிலை ஆர் பாவிக்கினம்?" என்றேன்.
தர்சிகன் தரவுத்தளத்தைத் துருவினான்.
ஒருவரும் இல்லை. ஓர் அறிக்கையும் அதை எடுப்பதில்லை.
பாலின் விலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை.
சும்மா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம்.

பதினொரு வரி. அழித்தேன்.
மாற்றக் குறிப்பில் 'தேவையற்ற புலம் நீக்கம்' என்பதற்குமேல்
எழுத இடமில்லை.
எழுத்தைக் கறுப்பாக்கினேன். வரம்பு கட்டினேன்.

பொய்ப் போனில் திறந்தால்
கணவர் இருந்த இடத்துக்கு
கறவை மாடுகளின் எண்ணிக்கை ஏறி வந்திருந்தது.
ஒன்றுமே நடக்காததுபோல் பக்கம் மூடிக்கொண்டது.
அவ்வளவு சுத்தமாய் மூடவிட மனம் வரவில்லை,
பதினாறு பிக்சல் கூட விட்டேன்.

தர்சிகன் உடனே கண்டுவிட்டான்.
"இந்த இடைவெளி பிழையெல்லோ?"
இருக்கட்டும் என்றேன்.