கதிரைக் கணக்கு

கான் அடைபட்டுக் கிடக்கிறது என்று சொல்லத்தான்
அன்றைக்குக் கூட்டத்துக்குப் போனேன்.
கார்த்திகை மழை. அன்புவழிபுரத்தில்
முழங்கால் தண்ணியில் செருப்புகள் மிதந்தன.
வந்திருந்தது எட்டுப் பேர்.
கூட்டல் தெரியுமா என்றார் தலைவர் வடிவேற்கரசன்.
தெரியும் என்றேன்.
பொருளாளராய்த் திரும்பி வந்தேன்.
கான் இன்னும் அடைபட்டுத்தான் கிடக்கிறது.

அதுவரை எனக்குப் பெயர் இல்லை.
வவுனியாப் பிள்ளை,
நீலக் கேற் வீடு,
துறைமுகத்தில் வேலை செய்பவரின் மனிசி,
இவ்வளவும் நான்தான்.
மீன்காரர் மட்டும் ஒரு பெயர் வைத்திருந்தார்:
சூடை வாங்காத அக்கா.

மரண உதவிச் சங்கம். மாதம் நூறு ரூபாய்.
கொப்பியும் சைக்கிளுமாய்ப் போனால்
சில வீட்டில் நாய் வரும், சில வீட்டில் தேத்தண்ணி.
ஒரு வீட்டில் "ஆர் செத்தது?" என்ற கேள்வி மட்டும்.
ஒருவரும் சாகவில்லை அண்ணை,
சாகேக்க தேவைப்படும் என்பேன்.
சிரித்துவிட்டு இருநூறு தருவார்,
மனிசிக்கும் சேர்த்து.

அந்தக் காசில் வாங்கியதுதான் நூற்றிருபது கதிரை.
சிவப்புப் பிளாஸ்டிக். முதுகில் இலக்கம்
என் கையால் வெள்ளைப் பெயின்டில் எழுதியது,
ஏழு எல்லாம் ஒரே பக்கம் சரிந்திருக்கும்.
நஸ்மியா மகளின் நிக்காஹ்வுக்குப் போயின.
சிறிமாவதி வீட்டுத் தானத்துக்குப் போய்
ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து,
மேலே ஒரு தட்டுப் பாற்சோற்றோடு திரும்பின.
சாமத்தியச் சடங்கு, முப்பத்தோராம் நாள்,
வோட்டுக் கேட்டு வந்தவர்களின் கூட்டம்
(திரும்பியது நூற்றுப்பதினாறு).
எந்தக் கதிரையில் எந்தப் பிள்ளை
அழுதழுது நித்திரையானது என்று
இலக்கத்தோடு சொல்வேன்.

போன மாதம் கடிதம் வந்தது.
சிறந்த சமூக சேவையாளர். காலை ஒன்பது மணி.
மனிசன் அரைநாள் லீவு போட்டார்.
மண்டப வாசலில் மான் ஒன்று
விருந்தினருக்கு வைத்த மாலையில் பாதியைத் தின்றிருந்தது.
வாச்சர் விரட்ட விரட்ட
நகராமல் நின்று மென்றது.
கேடயத்தில் பொன் எழுத்தில்
திருமதி நித்தியகல்யாணி.

நான் நித்தியகலா.

மயானத்து மதிலோரம்
ஒருவரும் தண்ணி ஊற்றாமல் பூக்கிற பூ அது.
விருது அதுக்குத்தான் போல.
திருத்தித் தருவோம் அம்மா என்றார் உத்தியோகத்தர்,
பாவம், அவருக்கு வியர்த்துவிட்டது.
பரவாயில்லைத் தம்பி என்றேன்.
பொய். வீடு வரும்வரை
மனம் அதையே சுரண்டிக்கொண்டு வந்தது.
ஆசைப்பட்டேன், ஏன் ஒளிக்க?
ஒருமுறை, முழுசாய்,
என் பெயரை மைக்கில் கேட்க ஆசைப்பட்டேன்.

இரவு ஒன்பதரைக்கு ஃபோன்.
நாலாம் ஒழுங்கை, சுகிர்தன்.
"கலா அக்கா" என்றான்.
பிறகு குரல் வரவில்லை.
நானும் ஒன்றும் கேட்கவில்லை,
எத்தனை என்பதைத் தவிர.

லான்ட்மாஸ்டர் பெட்டியில் அறுபதை அடுக்கி இழுக்க
கயிறு ஒரு முழம் எட்டவில்லை.
மேசையில் பொன்னாடை கிடந்தது.
பட்டு இல்லை, நைலோன்.
நல்லாய் இறுகியது.

ஒழுங்கை முகப்பில் லைற் இல்லை,
அதுக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.
இருட்டுக்குள் ஆறேழு பேர் ஏற்கனவே நின்றார்கள்,
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு.
வீட்டுக்குள்ளே ஒருவர் விம்ம
வெளியே கதிரைகள் கைமாறின.
தம்பி, முன்வரிசையை வாசலோடு ஒட்டிப் போடு,
சனம் இன்னும் வரும்.
நாற்பத்தேழைப் பார்த்துப் பிடியுங்கோ,
அதின்ர கால் வெடிச்சது.