திரும்பிப் போகும் பாரம்

கோழிக்கழிவு, முப்பத்தெட்டு மூட்டை.
சாலக்குடியில் ஏற்றியது, ராத்திரி பதினொன்றரைக்கு.
டீசல் போக நாலாயிரம்.
வேலந்தாவளம் கடந்து
எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்
ஓடைச் சரிவில் பின்கதவைத் திறந்துவிட்டேன்.
விளக்கை அணைத்திருந்தேன்.
கண்ணாடிக்குக் கீழே தொங்கும் செபமாலை மட்டும்
இன்ஜின் துடிப்பில் ஆடிக்கொண்டிருந்தது.
அதை அணைக்க சுவிட்ச் இல்லை.

அந்தப் பக்கம் தமிழ்நாடு, நமக்கென்ன
என்று சொல்லியிருந்தார் கடைக்காரர்.
ஓடைக்கு யாரும் சொல்லவில்லை.
அது எப்போதும் போல மேற்கே திரும்பி
கல்லைத் தாண்டி
எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கமே வந்தது,
அருளாயியின் செவலைப்பசு
தண்ணீர் குடிக்க இறங்கும் இடத்துக்கு.

இரண்டு நாள் அசை போடாமல் கிடந்தது.
மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை.

மாட்டு டாக்டர் வயிற்றைக் கீறியபோது
பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில்
காலைப் பிடித்துக்கொண்டவன் நான்.
உள்ளே நீலச்சாக்கின் வாய்.
நான் போட்ட முடிச்சு
அவிழாமல் இருந்தது.

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு.
என் பெரும் பாவமே என்று நெஞ்சில் தட்டினேன்,
பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்காத அளவில்.
சமாதானம் தெரிவிக்கும் நேரம்
பெண்கள் பக்கத்திலிருந்து அருளாயி
என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.
எல்லாருக்கும் கூப்புகிற மாதிரிதான்.
கறக்க ஒன்றுமில்லாத விரல்கள்.
நானும் கூப்பினேன்.
அவ்வளவு பெரிய பொய்யை
வாய் திறக்காமல் நான் சொன்னதே இல்லை.

நன்மை வாங்கப் போகவில்லை.
முட்டிவலி என்றேன், ததேயுஸ் கேட்டதற்கு.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.
எல்லாம் சொல்லிவிட்டு
சாமியார் அபராதம் கொடுப்பதற்குள்
எழுந்து வந்துவிட்டேன்.
ஐம்பத்து மூன்று மணி சொல்லச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.
அது எனக்குச் சுலபம்.
கியர் மாற்றிக்கொண்டே சொல்வேன்.

திங்கட்கிழமை ஓடையில் இறங்கினேன்.
மூக்கில் துண்டு, கையில் மண்வெட்டி.
ஒரு சாக்கின் வாயில் நண்டு ஒன்று
இரண்டு கொடுக்கையும் உயர்த்தி
என்னைக் கிட்டே விடவில்லை.
அதனிடம் சொன்னேன்,
நான்தான், இன்னாசி, நான்தான் கொட்டினேன் என்று.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்தது.

முப்பத்தெட்டில் முப்பத்தொன்றுதான் கிடைத்தது.
மற்றது மண்ணிடமும் புழுவிடமும்.
திருப்பி ஏற்றினேன்.

செக்போஸ்டில் கை காட்டினார்கள்.
எங்கே?
சாலக்குடி.
லோடு?
வாடையே சொல்லுதே சாரே.
எந்தா, திரிச்சோ? என்றார்.
இந்தப் பாரம் கிழக்கேதான் போகும்,
மேற்கே போய்
பதினாறு வருஷத்தில் அவர் பார்த்ததில்லையாம்.
மூக்கைப் பொத்திக்கொண்டு
மற்றக் கையால் சீட்டு எழுதினார்.
தலைப்பில் அபராதம் என்று மூன்று மொழியிலும் இருந்தது.
மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கடை வாசலில் இறக்கியபோது
இனி உனக்கு லோடு கிடையாது என்றார்கள்.
சரி.

அருளாயி காலித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
எதற்கு என்று தெரியவில்லை.
சொன்னேன். முடிச்சையும் சொன்னேன்.
எந்த ராத்திரி? என்றாள்.
புதன்.
விபூதிப் புதனா?
ஆமாம். நெற்றியில் சாம்பல் இருந்தது.
தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு
உள்ளே போனாள்.
என் கால் நனைந்தது.

செவலைக்கு மாதம் இரண்டாயிரம் தருகிறேன்.
எண்ணித்தான் வாங்குகிறாள்.

நேற்று மறுபடியும் சமாதானம்.
இடது பக்கம் கூப்பினாள், பின்பக்கம் கூப்பினாள்,
என் பக்கம் திரும்பியதும்
கை கீழே இறங்கிவிட்டது.
பார்வை இறங்கவில்லை.
செம்மறியே என்று ஊர் பாடத் தொடங்கும்வரை
ஒரு முழ நடைபாதைக்கு இரண்டு பக்கமும்
நின்றுகொண்டிருந்தோம்.