வேலந்தாவளம், இரவு பதினொன்று

செக்போஸ்ட்டில் அவருக்கு நைட் டியூட்டி.
கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வரும்
வைக்கோல் லாரி, தக்காளிப் பெட்டி எல்லாவற்றையும்
கம்பியால் குத்திக் குத்திப் பார்ப்பார்.
அவரே இறக்கிவைத்த
இலவச ஜாதகப் பொருத்த மென்பொருளை
எந்தக் கம்பியும் குத்தவில்லை.

நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்கேன் போட்டேன்.
முப்பத்தேழு சதவீதத்தில் ரொம்ப நேரம் நின்றது.
கணவாய்க் காற்றுக்கு ஜன்னல் அடித்துக்கொண்டது.
பிறகு சிவப்பில் ஒரு பெயர்.
நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும்
எங்கோ அனுப்பிக்கொண்டிருந்ததாம்,
ஆவணியிலிருந்து.

பேங்க் பாஸ்வேர்டு போகட்டும், மாற்றிவிடலாம்.
ஆவணியில்தான்
கொழிஞ்சாம்பாறைத் தங்கைக்கு,
அந்த அரை ஏக்கர் தகராறுக்குப் பிறகு,
மூன்று பக்கம் தட்டினேன்.
வீம்பு விடவில்லை.
ஒவ்வொரு எழுத்தாய் அழித்தேன்.

அழித்ததையும் படித்திருக்கிறான்
முகம் தெரியாத எவனோ.
அவளுக்குப் போகாத மன்னிப்பு
அவனுக்குப் போயிருக்கிறது.

நீக்கவா என்று கேட்டது. நீக்கு.
அப்டேட் முடிய விடிந்துவிடும்.
நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து
கேமராக் கண்ணில் ஒட்டினேன்.

பால் கணக்கு நோட்டில் ஒரு தாள் கிழித்து
'மயிலு' என்று ஆரம்பித்தேன்.
பேனா எழுதவில்லை.
உதறினேன்.