தேவை எழவில்லை

மூலனூர் ஆஸ்பத்திரி ஃபிரிஜ்ஜில்
முட்டைத் தட்டுக்குக் கீழே
பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து.
கரண்ட் போனால்
கதவைத் திறக்க விடமாட்டேன்,
டாக்டரின் தண்ணி பாட்டில் உள்ளே கிடந்தாலும்.

போன வருசம் ஆறு குப்பி தேதி முடிந்தது.
காரணம் கேட்டுக் கடிதம்.
'ஆரையும் கடிக்கலீங்க' என்றெழுதி,
அடித்துவிட்டு,
'தேவை எழவில்லை' என்றேன்.

நேற்று ராத்திரி
முருங்கைக் காட்டில்
சொட்டுநீர்க் குழாய் திருப்பப் போன துளசிமணி.
பின்னாலேயே அவள் கொழுந்தன்,
சிமெண்டுச் சாக்கில் செத்த விரியன்.

இருபது நிமிசம் கழித்துக்
கண்ணாடிக் குழாயைச் சாய்த்தேன்.
ரத்தம் தண்ணியாய் ஓடியது.

பத்தும் ஏற்றித்
தாராபுரத்துக்கு வண்டி போனபின்
வெறும் ஃபிரிஜ்ஜுக்கும் வெப்பம் குறித்தேன்: நாலு.
மருந்துக் கோரிக்கையில் 'பத்து' எழுதி,
அடித்துவிட்டு,
'இருபது.'