மறுகற்பித்தல்

ஆறு நிமிடம் கற்பிக்க வேண்டும்.
ஆறு நிமிடம் அதைப் பற்றிப் பேசுவார்கள்.
பன்னிரண்டு நிமிடத்தில் திருத்தி எழுதி
மறுபடி ஆறு நிமிடம், வேறு ஐந்து பேருக்கு.

நாகமலையைப் பார்த்து ஜன்னல் திறந்த அறை.
ஏழாம் வகுப்பாக உட்கார்ந்திருந்தார்கள்
தஸ்லீமா, ஜெபராஜ், அழகுமலை, வினோதினி, ஒச்சம்மாள்.
ஜெபராஜுக்கு முன்தலை வழுக்கை.
ஒச்சம்மாளுக்கு வீட்டில்
இன்னும் பால் மறக்காத பிள்ளை.
பன்னிரண்டு வயதாக இருக்கச் சொன்னால்
எல்லோருக்கும் முதலில் வருவது சேட்டைதான்:
அழகுமலை பேனா மூடியைக் கடித்தான்,
தஸ்லீமா அவனைக் காட்டிக்கொடுத்தாள்.

என் பாடம் ஐம்பால்.
வந்தான் வந்தாள் வந்தார்கள்
வந்தது வந்தன.
ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து
ஐந்து நிறத்தில் கட்டம் போட்ட அட்டை.
விடை சொன்னவர்க்கெல்லாம் 'மிக நன்று' என்றேன்,
வலுவூட்டும் திறனுக்கு மதிப்பெண் உண்டு.

நான்காவது நிமிடத்தில் ஒச்சம்மாள் கை தூக்கினாள்.
"டீச்சர், எங்கூர்ல
ஆம்பளைக வந்தா வந்தாய்ங்கம்போம்.
பொம்பளைக வந்தா வந்தாளுக.
மதிப்பான ஆளு ஒருத்தரே வந்தாலும் வந்தாங்க.
மூணுக்கும் ஒரே கட்டமா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது,
நடிப்பை மறந்து.
என் பாடத்திட்டத்தில்
'எதிர்பார்க்கும் விடை' என்றொரு பத்தி இருக்கிறது.
கேள்விக்கு அப்படி ஏதும் இல்லை.
கைப்பேசியில் ஒரு நிமிடம் நாற்பது நொடி மிச்சம்.
"அது கொச்சை. தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.
எல்லாமே பலர்பால். உட்கார்."
உட்கார்ந்தாள்,
ஏழாம் வகுப்பில் உட்காருவதைப் போலவே.

பின்னூட்டத்தில் சொன்னார்கள்:
குரல் கடைசி பெஞ்சுவரை கேட்டது.
அட்டை அழகு.
'உட்கார்' என்பதற்குப் பதில்
'உட்காரம்மா' என்றிருக்கலாம் என்றார் ரெஜினா மேடம்.

வேப்பமரத்தடியில் பன்னிரண்டு நிமிடம்.
வீட்டுக்குள் எங்களுக்குச் சௌராஷ்டிரம்.
தமிழை நான் இரண்டு இடத்தில் கற்றேன்,
புத்தகத்திலும் தெருக்குழாயடியிலும்.
குழாயடிக்கு யாரும் மதிப்பெண் போடாததால்
அங்கே படித்தது பாடமென்றே தெரியவில்லை.
"எல்லாரும் பிடிச்சுட்டுப் போயிட்டாளுக" என்று
காலி குடத்தோடு வந்து நின்றிருக்கிறேன் அம்மாவிடம்.
போனவர்கள் பெண்கள்.
ஒருத்தி இல்லை, பலர்.
அந்த நேரத்தில் மரியாதைக்கு உரியவர்களும் இல்லை.
இவ்வளவையும் ஒரு விகுதி தூக்கிக்கொண்டு வந்தது.
அட்டையில் அதை வைக்க இடம் தேடினேன்.
ஐந்து கட்டம்தான் போட்டிருந்தேன்.
ஆறாவதை வரைய ஸ்கேலை எடுப்பதற்குள்
மணி அடித்துவிட்டது.

புது ஐந்து பேர்.
ஒச்சம்மாள் இப்போது பார்வையாளர் நாற்காலியில்
தாளும் பேனாவுமாக.
நான்காவது நிமிடத்தில் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன்.
"உங்க வீட்ல இதை வேற மாதிரி சொல்வீங்களா?"
நல்ல பிள்ளைகள்.
ஒரு கைகூட எழும்பவில்லை.
ஐந்து நிமிடம் ஐம்பது நொடியில் பாடம் கச்சிதமாக முடிந்தது.
போன தடவையைவிட மூன்று மதிப்பெண் கூடுதல்.

சாயங்காலம்
சாலையின் அந்தப் பக்கம் உசிலம்பட்டி பஸ்ஸுக்கு அவள்,
இந்தப் பக்கம் பெரியாருக்கு நான்.
கேட்கத்தான் நினைத்தேன்,
கை தூக்கியது ஏழாம் வகுப்புப் பிள்ளையா நீயா என்று.
நடுவில் லாரி, அதன்பின் இன்னொரு லாரி.
"பஸ் வந்துருச்சுடி" என்று கத்திவிட்டு ஏறிப்போனாள்.

என் பஸ்ஸில் கண்டக்டர்,
"படியில நிக்கிறவய்ங்கல்லாம் உள்ள போங்கப்பா!"
போனாய்ங்க.

மடியில் அவள் தந்த பின்னூட்டத் தாள்.
ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.
'கரும்பலகையை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.'

நிற்கிறீர்கள்.
நான் ஒருத்திதான்.